அடைச்சவங்கதான் தொறக்கணும்

"சவரம் பண்ணியிருக்காவளே, அண்ணாச்சி!"

நாவிதர் பலவேசம் இறந்தவரின் தாடையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். கத்தியைத் தீட்டி, கிண்ணத்தில் சோப்பு குழைத்து, தோளில் துண்டு போட்டு எல்லாம் ஆயத்தமாக வைத்துக்கொண்டுதான் குனிந்திருந்தார். சேரன்மகாதேவியில் நாற்பது வருடமாகக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் கத்தி எடுக்கிற மனிதர். இப்படித் தயாராக வந்து படுத்திருந்த முகம் அவருக்கு இதுதான் முதல்.

"காலையில பண்ணினாவ" என்றான் மந்திரமூர்த்தி.

"வியாழக்கெழமையா? ஒங்க அப்பா ஞாயித்துக்கெழமை தவிர கத்தியத் தொட மாட்டாவளே."

அப்பாவின் இடது காதுக்குப் பின்னால் சோப்பு நுரை ஒரு பொட்டளவு காய்ந்து ஒட்டியிருந்தது. பலவேசம் அதைத் துடைக்கத் துண்டை எடுத்தார்.

"அது இருக்கட்டும். குளிப்பாட்டும்போது தானாப் போயிரும்" என்றான் மூர்த்தி.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. அந்த நுரை ஈரமாக இருந்தபோது அவன் பார்த்திருக்கிறான். காலையில் திருநெல்வேலி ஆபீசுக்குப் போக, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு புறவாசல் வழியாக வந்தான். அப்பா தென்னை மரத்து ஆணியில் கண்ணாடியை மாட்டி, முகத்தை வழித்து முடித்து, கன்னத்தை உப்பி உப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு நாள் காய்ச்சலில் கிடந்து அன்றைக்குத்தான் எழுந்த உடம்பு.

"எய்யா மூர்த்தி, கன்னம் வழுவழுன்னு இருக்கா? கொஞ்சம் தொட்டுப் பாரேன்" என்றார்.

"பஸ்சுக்கு நேரமாச்சுப்பா" என்றான் இவன்.

பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் மூச்சிரைக்க வந்துவிட்டார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருந்தார், மடியில் துண்டோடு. பஸ்ஸோ அதுவரை வரவே இல்லை. ஒரு கன்னத்தைத் தொட்டுப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? பகல் முழுக்க மூர்த்தியை இந்த ஒரு கேள்விதான் போட்டுக் குடைந்துகொண்டிருந்தது.

அப்பா ஐயம்பெருமாள் பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கன்னடியன் கால்வாயில் ஊர்ப்பக்கத்து மடைகளைத் திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை. காக்கி டவுசர், சைக்கிள், கேரியரில் மடை திருகுகிற இரும்புச் சாவி, இவ்வளவுதான் ஆள். ஆனால் முத்தத்துக்குச் சட்டம் போட்ட மனிதர் தாமிரபரணிக் கரையில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அவர் கண்ணுக்குக் குழந்தையின் முகம் ஓர் ஆயக்கட்டு, கால்வாய்த் தண்ணீர் பாய்கிற நிலம். நெற்றி, பாபநாசம் அணை. வலது கன்னம் வடகரை, இடது கன்னம் தென்கரை. தாடை நுனியில் இருக்கிற நாடி, கடைமடை. மேலிருந்து கீழே தண்ணீர் வருகிற வரிசையில்தான் முத்தமும் வரும். நெற்றிக்கு ஒன்று, கன்னத்துக்கு ஒவ்வொன்று, கடைசியில் நாடிக்கு ஒன்று. பாதியில் நிறுத்தக் கூடாது. "தலைமடைக்காரனே எல்லாத்தையும் குடிச்சிட்டா கடைமடைக்காரன் எங்க போவான்? அவன் வயலும் வயலுதான" என்பார். எச்சில் படுகிற முத்தத்துக்கு வெள்ளம் என்று பெயர். அதற்கு அனுமதி கிடையாது.

எல்லாவற்றுக்கும் முதல் சட்டம், கேட்க வேண்டும். "மடை தொறக்கலாமா?" பிள்ளை "தொற" என்றால் உண்டு. "அடைப்பு" என்றால் இல்லை. அடைப்பு என்று சொன்ன பிள்ளையிடம் கெஞ்சக் கூடாது, மிட்டாயைக் காட்டக் கூடாது, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் கூடாது.

ஒரு தடவை அவருடைய தங்கை சுடலைவடிவு, மூர்த்தியின் மகள் பிருந்தாவை இழுத்து மடியில் அமுக்கி, "ஆச்சிக்கு ஒரு முத்தம் குடுட்டி" என்று தாடையை நெருக்கினாள். பிள்ளை திமிறி அழுதது. ஐயம்பெருமாள் சோற்றுக் கையோடு எழுந்து வந்துவிட்டார். "அடைச்ச மடைய ஒடைச்சா கேசு, தெரியுமா வடிவு? பிள்ளைய விடு." சுடலைவடிவு ஒரு மாதம் அண்ணனோடு பேசவில்லை. இன்னொரு நாள் அவர் கொடுத்த முத்தத்தையே பிருந்தா புறங்கையால் துடைத்துப் போட்டாள். மூர்த்தியின் மனைவி கலையரசி மகளை அதட்ட வாயெடுத்தாள். கிழவர் கையமர்த்திச் சிரித்தார். "அது அவ வயலு. பாய்ச்சுததும் வடிக்கதும் அவ இஷ்டம்லா."

இதெல்லாம் வயசான காலத்துக் கோமாளித்தனம் என்றுதான் கலையரசி முதலில் நினைத்தாள். பிறகு ஒரு கல்யாண வீட்டில், தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் பெரிய மீசையோடு குனிந்து கன்னத்தைக் கிள்ள வந்தார். ஏழு வயசுப் பிருந்தா உள்ளங்கையை நீட்டி, "அடைப்பு" என்றாள். மீசைக்காரர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அதைப் பார்த்த நாளிலிருந்து கலையரசி மாமனாரின் காப்பியில் ஒரு கரண்டி சீனி கூடப் போடத் தொடங்கினாள்.

மூர்த்திக்கு இந்தச் சட்டம் பழையது. அவன் நெற்றியும் ஒரு காலத்தில் பாபநாசம் அணையாக இருந்ததுதான். அவனுக்குப் பத்து வயதாகும்போது, ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் கூட்டாளிகளோடு நின்றுகொண்டிருந்தான். கால்வாய்ச் சேறு முழங்கால் வரை அப்பியிருக்க, அப்பா சைக்கிளை விட்டு இறங்கி, எல்லார் முன்னாலும் குனிந்து, "மடை தொறக்கலாமா?" என்றார். கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூர்த்திக்குக் காது சூடாகிவிட்டது. "அடைப்பு!" என்று கத்தினான். அப்பா, "சரி" என்றார். சைக்கிளில் ஏறி, மணியை இரண்டு தடவை அடித்துவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு கேட்கவே இல்லை. மறுநாள் கேட்பார் என்று இருந்தான், கேட்கவில்லை. அடுத்த வாரமும் கேட்கவில்லை. அப்பாவுக்குக் கோபம் என்று பிள்ளை முடிவு கட்டிக்கொண்டது. ரோஷம் இவனுக்கும் வந்தது. படிப்பு முடிந்தது, வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, அம்மா போய்ச் சேர்ந்தாள். அப்பாவும் மகனும் ஒரு சுடுசொல் இல்லாமல், ஒரு தொடுதலும் இல்லாமல் முப்பத்தொரு வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்துவிட்டார்கள். அப்பா பேத்தியிடம் குனிந்து கேட்கும்போதெல்லாம் மூர்த்தி பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வான். அவன் பிருந்தாவுக்குத் தலையில் தட்டிக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்கிறவன்.

மூன்று மணிக்குப் பந்தலில் உட்கார இடமில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் கால்வாய்ப் பாசனக்காரர்கள், நடவு வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, காலில் சேறோடு வந்திருந்தார்கள். வாசல் பெஞ்சில் நேசையா உட்கார்ந்திருந்தார். அப்பாவோடு கூட வேலை பார்த்த இன்னொரு லஸ்கர்.

"இவன மாதிரி ஒரு லஸ்கர் இனி பொறந்துதான் வரணும்வே" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு வருசம் மழையே இல்ல. தலைமடைக்காரங்க அருவாளோட வந்து நிக்காங்க, எங்க மடைய அடைக்காதங்காங்க. இவன் மடை மேல ஏறி உக்காந்துக்கிட்டான். 'கடைமடையில ஒரு பிள்ள தண்ணிக்கு அழுதுக்கிட்டுக் கெடக்கு, அத வந்து பாருங்க, பாத்துட்டு வந்து என்னைய வெட்டுங்க'ன்னான். அம்புட்டுப் பேரையும் நாலு மைலு நடத்திக் கூட்டிட்டுப் போனான். போயிப் பாத்தா பிள்ளையும் இல்ல, ஒண்ணும் இல்ல. 'பிள்ள எங்கவே'ன்னு கேட்டாங்க. காஞ்ச பயிரக் காட்டி, 'இந்தா கெடக்கு'ன்னான். ஒருத்தன் பேசலயே! அருவாளத் தோள்ல போட்டுக்கிட்டுத் திரும்பிட்டானுவ."

கேட்டவர்கள் சாவு வீடு என்பதை மறந்து சிரித்தார்கள். நேசையா சொல்லச் சொல்ல அந்த மைல் கூடிக்கொண்டே வருவது மூர்த்திக்குத் தெரியும். அவனே சின்ன வயதில் இரண்டு மைலாகக் கேட்டிருக்கிறான். ஆனாலும் அப்பாவை நினைக்க அவனுக்குப் பெருமையாக இருந்தது. கூடவே, இத்தனை பேர் சொந்தம் கொண்டாடுகிற மனிதரிடம் தனக்கென்று சொல்ல ஒன்றுமில்லையே என்று வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

கால்வாயிலிருந்து நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வந்து குளிப்பாட்டினார்கள். காதுக்குப் பின்னால் இருந்த நுரை கரைந்து போயிற்று. புது வேட்டி கட்டி, நாடியைத் துணியால் கட்டி, முற்றத்தில் கிடத்தினார்கள்.

"நெய்ப்பந்தம் பிடிக்கணும்லா, பேத்தி எங்க?" என்று சுடலைவடிவு குரல் கொடுத்தாள். "ஏளா கலையரசி, பிள்ளைய இழுத்துட்டு வா."

கலையரசி கணவனிடம் வந்து மெல்லச் சொன்னாள். "காலையில இருந்து ஒண்ணும் திங்கல. தாத்தா பக்கமே வர மாட்டேங்கா. புறவாசல்ல போயி நிக்கா. நீங்க போயிப் பாருங்க."

பிருந்தா தென்னை மரத்தடியில் நின்றிருந்தாள். கண்ணாடி ஆணியிலேயே தொங்கியது. அவள் கையில் தாத்தாவின் சவர பிரஷ் இருந்தது.

"தாத்தாவுக்குப் பந்தம் பிடிக்க வாரியாம்மா?"

வரவில்லை என்று தலையை ஆட்டினாள்.

"பயமா இருக்கா?"

"பயமெல்லாம் இல்ல." கொஞ்ச நேரம் பிரஷை உள்ளங்கையில் தேய்த்தாள். "நேத்து சாயங்காலம் நான் தாத்தாவுக்கு அடைப்புன்னுட்டேன்."

"அதுக்கென்னம்மா."

"முள்ளு குத்துச்சு. காய்ச்சல்ல சவரமே பண்ணாம சொரசொரன்னு இருந்தாவ. அடைப்புன்னேன். சரின்னாவ. பைய எந்திச்சு வாசலுக்குப் போயி சைக்கிள் மணிய ரெண்டு மட்டம் அடிச்சிட்டு வந்து படுத்துக்கிட்டாவ."

மூர்த்தி அவள் பக்கம் குனிந்தான். "மணி எதுக்கு அடிச்சாவ?"

"எப்பமும் அடிப்பாவ. கோவம் இல்லன்னு அர்த்தம்." இதுகூடத் தெரியாதா என்பதுபோல அப்பாவைப் பார்த்தாள். "இன்னைக்கு எனக்காகத்தான் சவரம் பண்ணியிருக்காவ. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து தொறக்கலாம்னு நெனைச்சேன்." உதடு கோணியது. ஆனால் அழவில்லை.

"காலையில தாத்தா ஒன்கிட்ட கேக்கலியா?"

"எப்படிக் கேப்பாவ? கேக்குதவங்க ஒரு மட்டம்தான் கேக்கணும். அடைப்புன்னுட்டா பொறவு கேக்கவே கூடாது. அடைச்சவங்கதான் தொறக்கணும். சட்டம்லா அது."

இந்தச் சட்டத்தைச் சின்ன வயதில் அப்பா மூர்த்திக்கும் சொல்லியிருப்பார். அடைக்கிற பாதி மட்டும் அவன் மண்டையில் தங்கியிருக்கிறது. திறக்கிற பாதியை எங்கேயோ தொலைத்துவிட்டான்.

"தாத்தாவுக்கு ஒரு மடை ரொம்ப வருசமா அடைச்சே கெடக்காம்பா" என்றாள் பிருந்தா. "யாருன்னு கேட்டேன். சொல்ல மாட்டேன்னுட்டாவ. சொன்னா அவன் கூச்சப்படுவானாம். 'நல்ல பிள்ள, வேலை சாஸ்தி. நேரம் கெடைக்கும்போது தொறப்பான்'னாவ."

முற்றத்தில் பெண்களின் அழுகை கூடியது. சங்கு ஊதினார்கள். மூர்த்தி அப்படியே ஈர மண்ணில் குத்த வைத்து உட்கார்ந்தான். காலையிலிருந்து வராத அழுகை இப்போது வந்தது. மகள் முன்னால் அழுகிறோமே என்று அவன் மறைக்கவில்லை.

"அது நான்தாம்மா" என்றான்.

பிருந்தா அவனைக் குனிந்து பார்த்தாள். "எத்தன நாளு?"

"முப்பத்தோரு வருசம்."

"அம்புட்டு வருசமும் முள்ளு குத்துச்சா?"

"இல்லம்மா. குத்தவே இல்ல."

அவள் பிரஷைக் கிண்ணத்துக்குள் பத்திரமாக வைத்தாள். "அப்பம் நீங்களும் வாங்க. ரெண்டு பேரும் தொறந்துருவோம்."

"தாத்தாவுக்குக் கேக்குமான்னு தெரியலியேம்மா."

"கேக்காட்டியும் நாமதான அடைச்சோம்" என்று சொல்லி அவன் விரலைப் பிடித்து இழுத்தாள்.

முற்றத்தில் பாடை தயாராக இருந்தது. பிருந்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே தாத்தாவின் தலைமாட்டுக்குப் போய் உட்கார்ந்தாள். சுடலைவடிவு அவளைத் தோளைப் பிடித்துத் தூக்கப் போனாள். "ஏட்டி, அங்கன எல்லாம் உக்காரக் கூடாது, பந்தத்த வாங்கு."

"வடிவு, பிள்ளைய விடு. கேசு ஆயிரும்" என்றார் வாசலிலிருந்து நேசையா. சுடலைவடிவு கையை எடுத்துவிட்டு, அண்ணனைப் பார்த்து வாய்விட்டு அழுதாள்.

பிருந்தா தாத்தாவின் கன்னத்தைத் தடவினாள். "நல்லா வழுவழுன்னு இருக்கு" என்று அப்பாவிடம் சொன்னாள். பிறகு தாத்தாவின் காதருகே குனிந்து, "தொறந்தாச்சு தாத்தா" என்றாள். சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். வழக்கமாக அவர் எழுந்து குனிய எடுத்துக்கொள்கிற நேரத்தைக் கொடுத்தாள். பிறகு தானே குனிந்து, தன் நெற்றியை அந்த உதட்டில் வைத்தாள். வலது கன்னத்தை வைத்தாள். இடது கன்னத்தை வைத்தாள். கடைசியில் முகத்தை அண்ணாந்து, நாடியை வைத்தாள்.

அழுதுகொண்டிருந்த பெண்கள் ஓய்ந்துவிட்டார்கள். சங்கு ஊதுகிறவர் சங்கை இறக்கிவிட்டார். பிருந்தா எழுந்து அம்மாவின் சேலைத் தலைப்போடு ஒட்டிக்கொண்டு, பந்தத்தை வாங்க ஒரு கையை நீட்டினாள்.

வாய்க்கரிசி போட மூர்த்தியைக் கூப்பிட்டார்கள். மூன்று தடவை அரிசியை அள்ளி அப்பாவின் வாயில் இட்டான். எல்லாரும் அவன் எழுந்திருப்பதற்காகக் காத்திருந்தார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. கையை நீட்டி அப்பாவின் கன்னத்தைத் தொட்டான். தொட்ட கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தான். குளிர்ந்துதான் இருந்தது. ஆனால் ஒரு முள் இல்லை.

"இருக்குப்பா. வழுவழுன்னுதான் இருக்கு" என்றான்.

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் ஆபீசிலிருந்து வந்தவர்கள் பந்தல் ஓரமாக நின்றார்கள். மூர்த்திக்குக் காது சூடாகவில்லை. "தொறந்தாச்சு" என்று சொல்லிக் குனிந்து நெற்றியை வைத்தான். கன்னங்களை வைத்தான். பாதியில் நிறுத்தவில்லை, கடைமடை வரைக்கும் போனான். நிமிர்ந்தபோது அவன் நாடியில் வாய்க்கரிசி இரண்டு மணி ஒட்டிக்கொண்டிருந்தது. பலவேசம் துண்டை நீட்டினார். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுப் பாடைக்குத் தோள் கொடுத்தான்.

ஆற்றங்கரையில் காரியம் முடிந்து, மொட்டைத் தலையும் மழித்த மீசையும் ஈர வேட்டியுமாக அவன் திரும்பி வரும்போது விளக்கு வைக்கிற நேரம். வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். அப்பாவின் சைக்கிள் வாசல் சுவரில் சாய்ந்து நின்றது. நடையில் பிருந்தா தலை ஈரம் காயாமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து வந்த இட்லி அவள் முன்னால் தொடாமல் இருந்தது.

"தலைக்குத் தண்ணி விடும்போதும் மூஞ்சியப் பொத்திக்கிட்டா" என்றாள் கலையரசி.

மூர்த்தி மகளுக்கு எதிரே முட்டி போட்டு உட்கார்ந்தான். அவள் அந்தப் புது முகத்தை அதிசயமாகப் பார்த்தாள். விரலால் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"மடை தொறக்கலாமா?" என்றான்.

பிருந்தா தன் நெற்றியை, கன்னத்தை, நாடியை மெல்ல ஒருமுறை தொட்டுக்கொண்டாள்.

"அடைப்பு" என்றாள். "இன்னைக்குத் தாத்தா குடுத்தது அப்படியே இருக்கட்டும்."

"சரி" என்றான் மூர்த்தி.

எழுந்து வாசலுக்குப் போனான். சைக்கிளின் கைப்பிடியில் இன்னும் அப்பாவின் கைத்துண்டு கட்டியிருந்தது. மணியை இரண்டு தடவை அடித்தான். துக்கம் கேட்க வந்துகொண்டிருந்த இருவர் தெருவில் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

உள்ளே பிருந்தா தட்டை அருகே இழுத்து, ஒரு இட்லியைப் பிட்டாள்.